வயதான எலிக்குச் சோறூட்டும் முறை

1. பொட்டு

காலை ஒன்பது நாற்பது. மேஜைமேல் முதலில் வந்தது ஓர் எவர்சில்வர் தூக்கு. அதன் மூடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள் இருந்தன. உளுந்தூர்பேட்டையில் மாட்டு டாக்டரிடம் தூக்கு வந்தால் உள்ளே பரிசோதனைக்குச் சாணம் இருக்கும், அல்லது நன்றிக்குச் சீம்பால் இருக்கும். திறந்தேன். மடித்த பழைய புடவைத் துண்டின்மேல் ஒரு வெள்ளை எலி படுத்திருந்தது. இடது கன்னத்தில் மிளகு அளவில் கறுப்பாக, வட்டமாக ஒரு புள்ளி.

கல்வராயன் மலையிலும் சமவெளியிலும் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றபின், நெடுஞ்சாலைக்குப் பக்கத்துத் தெருவில் சிறிய கிளினிக் வைத்திருந்தேன். எலிக்கு வைத்தியம் கேட்டு வந்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. எலியைப் பற்றிப் பேசியவர்கள் கேட்ட மருந்து உரக்கடையில் கிடைக்கும்.

வயதான வெள்ளை எலிகளுக்குக் கட்டி வருவது சகஜம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புள்ளியின் ஓரம் தெளிவாக இருந்தது, வீக்கம் இல்லை, முடியும் உதிரவில்லை. ஊசி குத்தி சாம்பிள் எடுக்கலாமா என்று யோசித்தபடியே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். கட்டி பஞ்சோடு வந்துவிட்டது.

“அய்யோ, பொட்ட அழிச்சிட்டீங்களே டாக்டரம்மா!” என்றார் எலியைக் கொண்டுவந்த சரசு. “கண்ணுபட்டுதான் இப்பிடி ஆயிடுச்சின்னு இப்பதான் மை வச்சி எட்தாந்தேன்.”

சரசுவும் அவர் கணவர் ஏழுமலையும் களமருதூரில் நெல் பயிரிடுகிறவர்கள். அவர்களுடைய மகள் அரசி, சென்னையில் படித்தபோது ஆசையாக வாங்கிய எலி இது. பெயர் முத்து. ஹாஸ்டலில் எலி கூடாது என்றதும் முத்து களமருதூருக்கு வந்தது. அரசி படித்து முடித்துச் சென்னையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். முத்து ஊரிலேயே தங்கிவிட்டது. இரண்டரை வயது. எலிக்கு அது நமக்கு எண்பது மாதிரி.

“மூணு நாளா ஒண்ணும் சரியா எறங்கலீங்க,” என்றார் ஏழுமலை. “வாய்ல வச்சிக்கினே கீது. அப்பறம் எச்சியா வுடுது. அரசி ஞாயித்துக்கெயம வருது. அதுக்குள்ள துன்னலன்னா, கஷ்டப்பட வாணாம், டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடலாம்னு சொல்லிடுச்சி.”

அன்று வியாழக்கிழமை.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“வயல்ல நான் அடிச்ச எலிக்குக் கணக்கே இல்லீங்க. ஆனா இத்த... எனுக்கு ஆவாதுங்க.”

பெஞ்சில் ஆட்டோடு உட்கார்ந்திருந்தவர் அவர்கள் ஊர்க்காரர்தான். “இன்னா ஏழுமல, வயல்ல எலிக்குக் கிட்டி வக்கிற, வூட்டு எலிக்கு டாக்டர் வக்கிறியா?”

“நீ கம்முனு உன் ஆட்டப் பாருய்யா. என் துண்டத் துன்னுகினு கீது.”

உண்மைதான். துண்டின் ஒரு முனை ஆட்டின் வாயில் இருந்தது.

முத்துவின் வாயைத் திறந்து பார்த்தேன். கீழ்ப்பற்கள் நீண்டிருந்தன. அவற்றை வெட்டிச் சரிசெய்தேன். முன்னங்கால்களில் பலம் குறைந்திருந்தது. முன்போல் தீனியை இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்க முடியவில்லை. தொண்டையும் மெதுவாகத்தான் வேலை செய்தது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. எதுவும் சிக்கிக்கொண்டால் தாடையைக் கழுத்தோடு இழுத்து வைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். இதுவரை எல்லாம் வயதின் காரியம்.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் நெஞ்சில் கொறகொறவென்று சத்தம் கேட்டது. உணவு மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது. அது வயதால் மட்டும் வருவதல்ல.

“எப்படி ஊட்டுறீங்க?”

“கொயந்தைக்கு ஊட்டறமாரிதாங்க,” என்றார் சரசு. “அரசிதான் போன்ல சொல்லிச்சி, இனிமே அத்த கொயந்த மாரி பாத்துக்கோம்மான்னு.”

“ஊத்தாம, செஞ்சு மட்டும் காட்டுங்க.”

2. செய்முறை விளக்கம்

சரசு தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டினார். முத்துவை மல்லாக்கப் புரட்டி, இரு கால்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கிடத்தினார். தலை கணுக்கால் பக்கம். மஞ்சப்பையிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தார், அரசிக்குப் பால் புகட்டியது. அதில் கேழ்வரகுக் கூழ். கூழில் ஏழுமலை சொல்லிவைத்து வாங்கிய கல்வராயன் மலைத் தேன். இடது கை விரலால் எலியின் கன்னத்தை ஒதுக்கினார். பாலாடை மூக்கை வாயோரத்தில் வைப்பதுபோல் காட்டினார். பிறகு எலியின் முகத்தில் ஃபூ என்று ஊதினார்.

“ஊதுனாதான் முழுங்கும்,” என்று விளக்கமும் சொன்னார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள்.

“அப்புறம்?”

எலியை எடுத்துத் தோளில் சாய்த்து, இரண்டு விரலால் முதுகில் தட்டினார்.

“ஏப்பம் வருதா?”

“எங்க வருது? அதான் கொஞ்சம் ஜாஸ்தியா தட்டறேன்.”

“எலிக்கு ஏப்பம் வராதும்மா. அப்புறம்?”

“சாம்பிராணி போடுவேன்.”

“அவ்வளவுதானா? தொட்டில் இல்லியா?” என்றார் ஆட்டுக்காரர்.

ஏழுமலை சுவரில் இருந்த கோமாரித் தடுப்பூசி போஸ்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

நான் சொன்னேன். எலி நான்கு காலில் நின்றுதான் விழுங்கும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போகும். முகத்தில் ஊதினால் பயந்து மூச்சை இழுக்கும், மீதியும் போகும். தண்ணீராக இருந்தால் வழி தவறும். களி மாதிரியோ தேன் மாதிரியோ ஒட்டினால் வழியில் நிற்கும். சாமைச் சோற்றைக் குழைய வடித்து, அவித்த முட்டையைச் சேர்த்து மசித்து, கரண்டி நுனியில் எடுக்க வேண்டும். கரண்டி வாய்க்கு நேரே இருக்க வேண்டும். அது நக்கி விழுங்கினபின்தான் அடுத்த வாய். எச்சில் ஒழுகினால் நிறுத்திவிட வேண்டும். சாம்பிராணி கூடவே கூடாது. நெஞ்சுச் சளிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன்.

சரசுவுக்கு ஒப்பவில்லை. “அரசிய இப்பிடித்தான வளத்தேன்? அது நல்லாத்தான கீது?”

“அரசிக்கு இன்னா நாலு காலா?” என்றார் ஏழுமலை, போஸ்டரைப் பார்த்தபடியே.

“நீ பேசாதய்யா. முத்துக்கு ராவும் பகலும் தொட்டில ஆட்டனது யாரு?”

ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டார். ஆடு தெருவுக்குப் போய்விட்டது. அதைப் பிடிக்க அவரோடு ஏழுமலையும் ஓட வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை ஏழுமலை போன் செய்தார். “நக்கிச்சிங்க. முழுங்கிச்சான்னு தெரியலீங்க.”

“தொண்டையைப் பாருங்க.”

“பாத்துக்கினுதான் கீறேன். முடி மறைக்குதுங்க.”

சனிக்கிழமை போன் வரவில்லை.

3. ஞாயிறு

அரசி இரவு பஸ்ஸில் வந்து, வீட்டுக்குப் போய், எலியோடும் பெற்றோரோடும் கிளினிக்குக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. முடிவு செய்துவிட்டு வந்த முகம்.

“மேம், வலிக்காம பண்ணிடுவீங்கல்ல?” என்று தனியாகக் கேட்டாள்.

“வலிக்காது,” என்றேன். அலமாரியைத் திறந்து மருந்தையும் சிரிஞ்சையும் எடுத்து டிரேயில் வைத்தேன். தேவைப்படலாம் என்றுதான் நானும் நினைத்தேன். “முதல்ல ஒரு தடவை ஊட்டிப் பாப்போம்.”

ஏழுமலை டிரேயைப் பார்த்தார். வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

மேஜைமேல் விரித்த துண்டில் சரசு முத்துவை நான்கு காலில் நிற்க வைத்தார். பின்னங்கால் சரியாமல் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கரண்டி நுனியை அதன் வாய்க்கு நேரே நீட்டினார். முத்து மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரசு கரண்டியை அசைக்கவில்லை, பேசவுமில்லை. மறுபடி மோந்தது, மறுபடி திருப்பிக்கொண்டது. அரசி என்னைப் பார்த்தாள்.

அப்போது முத்து நக்கியது. தாடை அசைந்து நின்றது. தொண்டையில் சின்னதாக ஒரு மேடு எழுந்து இறங்கியது. எச்சில் ஒழுகவில்லை. திரும்பவும் கரண்டியைத் தேடியது.

“குடும்மா, நான் குடுக்கறேன்,” என்று அரசி கரண்டியை வாங்கி, எலியின் தலைக்கு மேலே பிடித்தாள். எலி அண்ணாந்தது.

அவள் கையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. “எட்ரீ கைய! மேலருந்து குடுத்தா கழுத்தத் தூக்கும், மூச்சில பூந்துக்கும். இதுகூடத் தெரியாம இன்னா படிச்ச நீ?”

அரசி கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

“துன்னுதா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஏழுமலை திரும்பிப் பார்க்கவில்லை.

“துன்னுது, உள்ள வாய்யா.”

நான் டிரேயை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் டாக்டர்களுக்கு இதிலிருந்து சொல்ல ஒன்று உண்டு. வயதான பிராணி சாப்பிடவில்லை என்று வந்தால், எப்படி ஊட்டுகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் ஊட்டுகிறார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். கன்றுக்குட்டிக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றுகிறவரையும், கிழட்டு நாய்க்கு இட்லி ஊட்டுகிறவரையும் அதற்குப் பிறகு நான் அப்படித்தான் செய்து காட்ட வைத்தேன். நேரம் பிடிக்கும். பெஞ்சில் கூட்டம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

முத்து அதன்பின் மூன்று மாதம், தை வரை இருந்தது. ஒருநாள் விடிகாலையில் தூக்கத்திலேயே செத்துப்போனது. அப்போது களமருதூரில் அறுப்பு நேரம். அறுவடை மெஷினுக்கு ஊரே வரிசை போட்டுக் காத்திருந்தது. முறை தவறினால் மறுபடி எப்போது வரும் என்று மெஷின்காரருக்கே தெரியாது. அன்று ஏழுமலையின் முறை. அவர் அதைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.