எட்டு வினாடி

முத்தமிழ்செல்வன் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினான். அது வீரிட்டது.

"ஏங்க, இப்பத்தானே பால் குடிச்சுக் கண்ணசந்துச்சு!" பக்கத்தில் படுத்திருந்த லாவண்யா பதறி எழுந்தாள்.

"மூச்சு நின்னுபோச்சு லாவண்யா. எட்டு செகண்டு. எண்ணிட்டுத்தான் சுண்டுனேன்."

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். குரும்பலூரில் மாமனார் வீட்டில் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சர்க்கரை ஆலை லேபில் கெமிஸ்ட். மணிக்கொரு தரம் கரும்புச் சாற்றை அளந்து எழுத வேண்டும். அளவு ஏறி இறங்கினால் எங்கோ கோளாறு என்று ஓட வேண்டும். குழந்தையின் மூச்சோ விறுவிறுவென்று ஓடியது, அடங்கியது, நின்றது, மறுபடி ஓடியது. நிற்கும்போதெல்லாம் அவன் எண்ணத் தொடங்கினான். மூன்று நாளாகக் காலைச் சுண்டிச் சுண்டியே குழந்தையை அரை மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்க விடவில்லை.

நாளை காலை ஷிப்டு. அவன் இல்லாத நேரத்தில் நின்றுவிட்டால்?

எடை பார்க்க வந்த சுகாதார நர்ஸ் கவிதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் குழந்தையின் உதட்டையும் நெஞ்சையும் பார்த்தார்.

"பால் குடிக்குதாம்மா?"

"நல்லா இழுத்துக் குடிக்கும்க்கா, இவரு தூங்க விட்டா!"

"பச்சப்புள்ள மூச்சு இப்படித்தாங்க தம்பி. அஞ்சு, பத்து செகண்டு நின்னு ஓடும். இருபதத் தாண்டுனாலோ, உதடு நீலம் பாஞ்சாலோ, குடிக்காமத் தொவண்டு கெடந்தாலோ ஒடனே பெரம்பலூர் ஜிஹெச்சுக்கு ஓடுங்க. இல்லேன்னா கைய வைக்காதீங்க. மெஷினு மாதிரி ஓடணும்னா எப்படி?"

குழந்தையை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தூங்கியது. மூச்சு நின்றது. ஐந்து, ஆறு, ஏழு. அவன் கை நீண்டது. கவிதா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எட்டு, ஒன்பது. நெஞ்சு ஏறி இறங்கியது.

அவர் போன பிறகும் அவன் நகரவில்லை. பதினொரு முறை நின்றது. பதினொரு முறையும் கை பாதி தூரம் போய்த் திரும்பியது. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தை பசித்துத் தானாக விழித்தது. அவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

லாவண்யா குழந்தையை எடுத்தாள். "நாளைக்கு வேலைக்குப் போறீங்கல்ல?"

"போறேன். நடுவுல ஒரு போன் பண்ணுவேன்."

"ஒண்ணுதானா?"