காரணம்: முறை

“தீர்மான உதவி மென்பொருள் இயக்குநர்: முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர், கணினியியலில் பட்டயம் பெற்றவர், ஆங்கிலத் தட்டச்சு அறிந்தவர், நெருக்கடியிலும் பதற்றப்படாதவர், தாம் கையாளும் வழித்தடங்களில் சொந்த நலன் ஏதும் இல்லாதவர்.”

பேருந்துக் கழகத்தின் சுற்றறிக்கை இப்படிச் சொல்லியது. இதற்கு அட்சரம் பிசகாமல் பொருந்திய ஒருவர் பாபநாசத்துக்கு வரத்தான் வந்தார். ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் விட்டுப்போன நாற்காலியில் செவ்வந்தியை உட்கார வைத்தார்கள்.

செவ்வந்திக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவள். கண்டக்டராக இருந்த கணவர் கோவிந்தராசு ஓடும் வண்டியிலேயே மாரடைப்பில் போனபிறகு, வாரிசு வேலையாக ஸ்டோர் ரூமில் டிக்கெட் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் இருபது வருஷம் நடவு நட்டவள். ஒரே விரலால்தான் தட்டச்சு செய்வாள். மேலதிகாரி போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுவாள். அந்த நாற்காலியில் உட்காருகிறவரை டிரைவர்களும் கண்டக்டர்களும் ஒருசேரத் திட்டுவார்கள் என்பதால் வேறு யாரும் வரவில்லை. அவளுடைய தகுதி அதுதான்.

பேருந்து நிலையத்து அறையில் இருந்த அந்தக் கணினிக்குக் கழகம் வைத்த பெயர் நீளமானது. ஊழியர்கள் ‘பெட்டி’ என்றார்கள். எந்த வண்டி எங்கே போகிறது, எதில் எத்தனை பேர் என்று பெட்டிக்குத் தெரியும். ஒரு வண்டி குறைந்தால் போன நாலு வாரத்துக் கூட்டத்தைப் பார்த்து, எந்த நடையை (ட்ரிப்பை) நிறுத்தி எங்கே வண்டியை மாற்றலாம் என்று யோசனை சொல்லும். யோசனைதான், உத்தரவு இல்லை. ‘ஏற்க’ என்றும் அழுத்தலாம், ‘மறுக்க’ என்றும் அழுத்தலாம். மறுத்தால் மட்டும் காரணம் காட்ட வேண்டும். வண்டிப் பழுது, விபத்து, ஓட்டுநர் வரவில்லை, மறியல், மற்றவை என்று ஒரு பட்டியல் திறக்கும். மறியலுக்கென்று தனி வரி கொடுத்திருந்ததைப் பார்த்தால், இந்த ஊர்ப்பக்கம் அறிந்தவர் யாரோதான் அதைத் தயாரித்திருக்க வேண்டும்.

பெட்டியைக் கடிந்து பேசாத ஒரே ஆள் செவ்வந்திதான். “அது பாட்டுக்கு நெனப்பு வச்சிருக்கு பாருங்க. நமக்கு முந்தாநாள் சாப்பிட்ட கொழம்பு மறந்துபோவுது” என்பாள். பத்துக்கு ஒன்பது தடவை அது சொன்னபடி கேட்டாள். மீதி ஒரு தடவைதான் சிக்கல். அது பெரும்பாலும் பதினேழு டி, குளிச்சாத்தூர் வண்டியாக இருந்தது.

குளிச்சாத்தூர் ஒன்பது கிலோமீட்டர். அங்கே இருபத்திரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஒரு அறக்கட்டளையின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தன. ஒரு புயலில் அவர்களுடைய குடிசைகள் போயின. அரசாங்கம் பாபநாசத்தை ஒட்டிக் காலனி வீடு கட்டிக்கொடுத்தது. வீடு இடம் மாறியது, நிலம் கூட வரவில்லை. இப்போது அறக்கட்டளை, ‘குத்தகைதாரர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள், நிலம் தரிசாகக் கிடக்கிறது’ என்று வழக்குப் போட்டிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்துப் பயிர்க்கணக்கான அடங்கலில் எழுதவேண்டும் என்று உத்தரவு. வயலில் பயிர் நின்றால் நெல். நிற்காவிட்டால் தரிசு. தரிசு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்தக் குடும்பங்கள் மறுபடி வயலில் கால் வைக்க முடியாது.

நாற்று தயாராக இருந்தது. தண்ணீர்தான் இல்லை. கடைமடை வாய்க்காலுக்கு ஆறு நாள் தண்ணீர் விடும் முறை, ஆறு நாள் அடைப்பு. முறை புதன்கிழமை வருகிறது. புதன், வியாழன் இரண்டே நாளில் நட்டாக வேண்டும். காலை ஐந்து ஐம்பது வண்டியை விட்டால் அடுத்த வண்டி பத்து இருபதுக்குத்தான்.

பெட்டிக்கு இது தெரியாது. முறை இல்லாத நாளில் அந்த நடையில் நாலு பேர் போவார்கள். முறை வந்த ஓரிரு நாள் ஐம்பது பேர். பெரும்பாலான நாளின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளில்லாத வண்டி என்று அது முடிவுகட்டி வைத்திருந்தது. அந்தப் பருவத்தில் இரண்டு தடவை நடையை நிறுத்தச் சொன்னது. இரண்டு தடவையும் செவ்வந்தி மறுத்தாள். ‘மற்றவை’யைத் தொட்டு, ஒற்றை விரலால், எதிரே இருந்த கட்டத்தில் எழுதினாள்: முறை.

மண்டல அலுவலகத்தில் இதைப் படிக்கவேண்டியவர் துரைராசு. அவர் அதை முறைப்படி என்று படித்துக்கொண்டார். ஏதோ விதிமுறையை மேற்கோள் காட்டுகிறாள், கெட்டிக்காரி என்று இரண்டு தடவையும் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை மதியம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்து போன் செய்தார். செவ்வந்தி எழுந்து நின்றாள்.

“ஏம்மா, முறை முறைன்னு போடுறீங்களே, எந்த முறை? ஷரத்து நம்பர் போடணும்ல?”

“நம்பர்லாம் இல்லைங்க சார். ஆறு நாள் விட்டு ஆறு நாள்.”

“ஆறு நாள் விட்டு ஆறு நாள் என்ன?”

“தண்ணிங்க சார். வாய்க்கால்ல முறை.”

துரைராசுவின் அப்பா ஆறு ஏக்கர் வைத்திருந்தவர். முறைக்காகப் பக்கத்து வயல்காரரோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர். மகன் பத்து வருஷ அலுவலக வாசத்தில் அந்தச் சொல்லின் ஈரத்தைத் துடைத்துவிட்டிருந்தார்.

“தண்ணி வந்தா படகு விடுங்கம்மா, பஸ்ஸ ஏன் விடுறீங்க?” என்று சொல்லிப்பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். உடனே குரலை இறுக்கிக்கொண்டார். “இங்க பாருங்க, உங்க நாத்தனார் அந்த வண்டியில போறாங்களாமே. புகார் வந்திருக்கு. இன்னொரு தடவை பட்டியல்ல இல்லாத காரணத்துக்கு மறுத்தீங்கன்னா சீட்டுல வேற ஆள் போட்டுருவேன். சம்பளத்துல சேர்த்துக் குடுக்குற படியும் போயிடும். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

“சரிங்க சார்” என்றாள். எதற்குச் சரி என்று இரண்டு பேருக்குமே தெளிவில்லை.

புதன்கிழமை கடைசி முகூர்த்தம். ஐந்தரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் கும்பகோணம் பக்கம் போக ஒரு பட்டாளமே நின்றது. பட்டுப்புடவை, மல்லிகை, சீர்வரிசைத் தட்டு. எதிர்த்தாற்போல் காலனிப் பெண்கள். முழங்காலுக்கு மேல் செருகிய சேலை, தலையில் சும்மாடு, கையில் தூக்குவாளி. கும்பகோணம் போகவேண்டிய வண்டி பட்டறையில் படுத்துக்கொண்டது. இருந்தது ஒரே வண்டி. அதை டிரைவர் இப்ராஹிம் உறுமவிட்டு நிறுத்தியிருந்தார்.

பெட்டி சிவப்பில் காட்டியது: ‘17 டி, காலை 5.50. எதிர்பார்க்கும் பயணிகள் 4. நடையை ரத்து செய்து வண்டியைக் கும்பகோணத்துக்கு மாற்றலாம்.’

பெட்டியின் யோசனையில் நியாயம் இல்லாமல் இல்லை. கும்பகோணத்துக்கு நாற்பத்தைந்து பேர் கண்ணெதிரே நின்றார்கள். செவ்வந்தி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் காத்தாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, பொட்டி என்ன சொல்லுது?”

“நாலு பேருங்குது.”

“நாலா? இங்க அம்பத்திரண்டு பேரு நிக்கிறோம். அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“ஏய், அதத் திட்டாதடி. அதுக்கு வாய்க்கால் தெரியாது. யாரும் சொல்லிக்குடுக்கல.”

காத்தாயி குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, ஒன் சீட்டு போயிரும்னா வேணாம். நாங்க நடந்து போறோம்.”

“ஒம்போது கிலோமீட்டரா? போய்ச் சேந்து வேர்வ ஆறதுக்குள்ள வெயில் ஏறிடும். நாத்துக்கட்டு வாடிப்போவும். போடி, அந்தாண்ட நில்லு.”

இப்ராஹிம் படியிலிருந்து குரல் கொடுத்தார். “அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்கா, மண்ணு வீட்டுக்கா?”

செவ்வந்தி வெளியே வந்து பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு முன் நின்றாள். தஞ்சாவூரிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி கும்பகோணம் போகிறது. அவை வேறு கிளை வண்டிகள் என்பதால் பெட்டியின் கணக்கில் வராது. அவள் கணக்கில் வந்தன. “அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு வரும், அஞ்சு அம்பத்தஞ்சுக்கு ஒண்ணு வரும். நின்னுகிட்டுத்தான் போவணும். மன்னிச்சுக்குங்க” என்றாள்.

“பட்டுப்புடவையோட நின்னுகிட்டா? கசங்கிறாதா?” என்றாள் ஒருத்தி.

“கசங்கும்மா. இஸ்திரி போட்டா சரியாப்போவும். எங்களுக்கு இன்னைக்கு விட்டா இஸ்திரி இல்ல.”

அந்த அம்மாளுக்கு அது புரிந்ததோ என்னவோ, தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வண்டி வரும் பக்கம் நகர்ந்தாள். மற்றவர்கள் முணுமுணுத்தபடி பின்னால் போனார்கள்.

செவ்வந்தி உள்ளே வந்து ‘மறுக்க’ என்று அழுத்தினாள். பட்டியல் திறந்தது. ‘மறியல்’ என்று தொட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தப் பக்கம் மறியல் இல்லாத வாரம் கிடையாது. விரல் அந்த வரிமேல் ஒரு கணம் நின்றது. பிறகு ‘மற்றவை’க்கு இறங்கியது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப்பிடித்து எழுதினாள்: ‘வாய்க்காலில் முறை வந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு பேர் நடவுக்குப் போகிறார்கள். என் நாத்தனாரும் போகிறாள்.’

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது. வெள்ளிக்கிழமை வந்த கிராம நிர்வாக அலுவலர் வரப்பில் நின்று பார்த்து அடங்கலில் நெல் என்று எழுதினார். திங்கட்கிழமை செவ்வந்தி திரும்ப ஸ்டோர் ரூமுக்குப் போனாள். துரைராசு சொன்ன சொல் தவறாதவர்.

அவளுடைய நாற்காலிக்குச் சுற்றறிக்கைக்குப் பொருந்திய புதிய ஆள் வந்தார், பெயர் ஜலீல். ஐப்பசியில் பெட்டியின் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது. மறியலுக்கும் மற்றவைக்கும் நடுவில், ‘நீர்முறை’. யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று கோப்பில் இல்லை. துரைராசுவைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்த வரியைத் தொட்டால் பெட்டி, ‘எந்த வாய்க்கால்? எத்தனை நாள்?’ என்று கேட்கும். அது ஜலீலுக்கும் தெரியாது, மண்டல அலுவலகத்துக்கும் தெரியாது. ஜலீல் ஸ்டோர் ரூமுக்குப் போன் போடுவார். செவ்வந்தி டிக்கெட் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பதில் சொல்லுவாள்.

அவளுடைய பணிப்பதிவேட்டில் அந்த வருஷத்துக்கு எதிரே, ‘மென்பொருள் பரிந்துரையை உரிய காரணமின்றி மூன்று முறை மறுத்தார்’ என்று இருக்கிறது. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தன்று காலை ஐந்து ஐம்பதுக்குச் செவ்வந்தி குளிச்சாத்தூருக்கு ஒரு பஸ் அனுப்பினாள்.