என் அளவுக்குச் செய்த நாற்காலிகள்

சங்கராபுரத்தில் எங்கள் பட்டறையில் ஆடும் நாற்காலி செய்தோம். மரவேலை முழுக்க என் கணவருடையது. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், பாலீஷ் அடிப்பேன், நடுவில் உட்காருவேன். உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்று கொழுந்தன் கேலி செய்வார். வேலைதான்.

வெறும் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். என் கணவர் அதை நாற்காலிக்கும் சேர்த்துக்கொண்டார். ஆள் உட்காராமல் எதையும் ஆடவிடமாட்டார். நாற்காலியின் கால்களை அடியிலுள்ள வளைந்த கட்டைகளில் பொருத்துவதற்கு முன்பு, சும்மா கயிறு போட்டு இறுக்கி நிறுத்தி என்னைக் கூப்பிடுவார். தலை பின்னால் போகிறது என்றால் நான் எழுந்துகொள்ள வேண்டும், அவர் கயிற்றைத் தளர்த்திக் கட்டையை ஒரு விரல்கடை நகர்த்துவார். மறுபடியும் உட்காருவேன். காலையில் ஆரம்பித்தால் உலை வைக்கும் நேரம்வரை இதே கூத்துதான். எனக்குச் சுகமாக இருக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, உளியால் துளை எடுப்பார். துளை எடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

நானோ குள்ளம், ஒல்லி. வாங்குகிறவர்கள் எல்லாரும் என்னைப்போலவா இருப்பார்கள்? முன்னால தள்ளுது, முட்டி மேல வருது என்று வந்து நிற்பார்கள். "போகப் போகப் பழகிடுங்க" என்பார் என் கணவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர்களும் எப்படியோ பழகிக்கொண்டார்கள். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

பலா மரம் ஒன்றைப் பார்த்து வருகிறேன் என்று கல்வராயன் மலைக்குப் போனவர், வெள்ளிமலையில் நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், உலுக்கினார்கள். உலுக்கிய பக்கமெல்லாம் போய்வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அவள்மேல் கோபம்கூட வரவில்லை. சோறு போட்டார்கள், தின்றேன். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்தபின் கொழுந்தன் பட்டறைக்கு வந்தார். நல்லவர்தான். சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும்.

"அண்ணி, ஒண்டியா இன்னா பண்ணப் போறீங்க? டூவீலர் சர்வீஸ் போட்டுடலாம். ஒரு ஷட்டர் வெச்சா ஆச்சு."

ஒரு நாற்காலி மட்டும் பாதியில் நின்றிருந்தது. மணலூர்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டிருந்த தேக்கு நாற்காலி. முதுகு, கை, உட்காரும் பலகை எல்லாம் என் கணவரே முடித்துவிட்டிருந்தார். அடிக்கட்டையில் பொருத்துவதுதான் பாக்கி.

"இதை நான் முடிக்கிறேன் தம்பி. முடிச்சிட்டா பட்டறை எனக்கு. முடியலன்னா நீங்க ஷட்டர் வெச்சிக்குங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆசை என்று ஒன்றும் அப்போது என்னிடம் இல்லை.

உளி எனக்குப் புதிதல்ல, சின்னத் துளைகளை நான்தான் எடுப்பேன். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நான் உட்கார்ந்தால் நகர்த்த ஆளில்லை, நான் நகர்த்தினால் உட்கார ஆளில்லை. என் எடைக்கு ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். மூட்டை சாய்ந்தது. தலை பின்னால் போகிறதா என்று அதைக் கேட்கவா முடியும்? இரண்டாம் முறை சறுக்கி விழுந்து பிரிந்து, பட்டறை முழுக்க அரிசி. மரத்தூளோடு சேர்த்துக் கூட்டி முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் ஒன்று சிரித்திருப்பார்கள், இல்லை அழுதிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர், மூட்டையையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூட்டைக்கா சேர் செய்யற? அதுல உக்காரப் போறது நான்மா."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாற்காலி செய்திருப்போம், உட்காரப் போகிறவரை உட்கார வைத்து ஒருநாள்கூட அளவு பார்த்ததில்லை.

"அப்போ உக்காருங்கண்ணா" என்றேன்.

ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவர். உட்கார்ந்ததும் முன்னால் குப்புறக் கவிழப் பார்த்தார். எழுப்பி, கயிற்றைத் தளர்த்தி நகர்த்தினேன். மறுபடியும் உட்கார வைத்தேன். "இப்போ?" என்று தரையில் குந்திக்கொண்டு நான் கேட்கும்போது என் குரலே எனக்கு வேற்றாள் குரலாக இருந்தது. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆயுசு பூரா பஸ்ல நின்னுக்கினே போன காலும்மா இது. இப்பத்தான் உக்காருது." பென்சிலால் கோடு போட்டேன்.

அவர் போனபின் துளை எடுத்து, அடித்துப் பொருத்தி, கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முதுகு பின்னால் சரிந்தது, கால் தரையில் எட்டவில்லை. எங்கள் பட்டறையில் எனக்குப் பொருந்தாத நாற்காலி ஒன்றில் அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கொழுந்தன் வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முடிச்சிட்டீங்களே அண்ணி. பட்டறை உங்களுக்குத்தான்" என்றார்.

அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பட்டறை போய்விடவில்லை என்ற சந்தோஷம் என்று நினைத்திருப்பார். என்னை உட்காரவைத்து அளவு பார்த்தவர் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது.