மெட்ராஸ் பார்த்த அழுக்கு மூட்டை

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி வேலைக்காக பெங்களூர் கிளம்பினான். "புது ஊருப்பா, பாத்துப் போ" என்றேன். அவன் பார்த்த பார்வை இருக்கிறதே... "எல்லாம் தெரியும் அங்கிள்."

இதுவரை போனதில்லையாம். ஆனால் தெரியுமாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? பெரிய ஊருக்கு முதல் தடவையாகப் போகிறவன் என்று உலகத்தில் ஒருத்தன்கூடக் கிடையாது. எல்லோரும் ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர்கள்தான் — அடியேன் உட்பட.

எனக்குக் கல்யாணமான புதிது. எங்கள் ஊர் நாகல் நகரில் வாடகை வீடு. தெருக்குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். மனைவி சுமதி பக்கத்து ஊர்த் தாடிக்கொம்புக்காரி, கடலைப் பார்த்ததே இல்லை. நானோ பெண் பார்க்கப் போன அன்றே "மெட்ராஸா? நமக்கு அத்துபடி" என்று அளந்துவிட்டிருந்தேன். அதுவரை திருச்சியைத் தாண்டாத ஆள் நான்.

கல்யாணத்துக்குப் பிறகாவது வாயை மூடினேனா? குரோம்பேட்டையில் பெரியப்பா மகன் வீடு இருக்கிறது, கடலைக் காட்டுகிறேன், அங்கே குழாயைத் திறந்தால் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் கொட்டும்... காசா பணமா, சொல்ல வேண்டியதுதானே?

கோடையில் ரயில் ஏறினோம். சுமதி ஒரு பெரிய கட்டைப்பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். அண்ணி வீட்டுக்குத் தேங்காய் போலிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

விடிகாலையில் தாம்பரம். பாதிப் பெட்டி காலியானது. சுமதி எழுந்தாள்.

"ஏங்க, நாமளும் இங்கதான் எறங்கணுமோ?"

"உக்காரு. இது மெட்ராஸே இல்ல. எக்மோர்தான் மெட்ராஸ்."

எழும்பூரில் கம்பீரமாக இறங்கினோம். ஆட்டோக்காரர் "ஊருக்குப் புதுசா சார்?" என்றார். "சேச்சே" என்றேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களை எந்தெந்தத் தெரு வழியாகக் கூட்டிப்போனார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

கதவைத் திறந்ததும் அண்ணி கேட்டார். "ஏன் தம்பி, தாம்பரத்துல எறங்குனா ரெண்டே ஸ்டேஷன். எக்மோர் வரைக்குமா போயிட்டுத் திரும்பி வாரீக?"

"சுமதிக்கு ஊரைக் காட்டலாம்னு அண்ணி..."

சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அண்ணி ஆசையாகக் கட்டைப்பையைப் பிரித்தார். "ஊரு முருங்கக்காயப் பாத்து எம்புட்டு நாளாச்சு." மேலே இருந்தது என் கைலி. அதற்கடியில் மூன்று பெட்ஷீட், தலையணை உறைகள், ஒரு கம்பளி. அத்தனையும் அழுக்கு.

"இங்க எந்நேரமும் தண்ணி கொட்டும்னு இவுக சொன்னாக அக்கா. அதான், தொவச்சு எடுத்துட்டுப் போயிரலாம்னு..."

அண்ணி குழாயைத் திறந்து காட்டினார். காற்று வந்தது. "வாரத்துக்கு ரெண்டு லாரிம்மா. போன தடவ நடந்த சண்டையில நமக்கு மூணு குடம்தான்." எனக்கு அப்படியே மறுபடியும் ரயிலேறிவிடலாம் போலிருந்தது.

நேரம் பார்த்து வெளியே லாரி ஹாரன். தெருவே குடங்களோடு பாய்ந்தது. சுமதி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். "மொதச் சுத்துல வீட்டுக்கு ரெண்டு குடம். எல்லாரும் பிடிச்ச பொறகு மறுசுத்து. குடத்த வரிசையில வைங்க, ஆளு தள்ளி நில்லுங்க." நாகல் நகரில் எங்கள் தெருச் சட்டம் அது. அவள் போட்ட அதட்டலில் குரோம்பேட்டை அடங்கி நின்றது. அண்ணி வீட்டு டிரம் நிறைந்தது. "எங்க கொழுந்தன் பொண்டாட்டி" என்று அண்ணி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் உள்ளே பெட்ஷீட்டுகளைத் திரும்பப் பைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மெரினா. அண்ணனிடம் ரகசியமாக எழுதி வாங்கிய பஸ் நம்பர் சட்டைப்பையில். சொந்தத் தோப்பைக் காட்டுவதுபோல் கையை நீட்டினேன். "இதான் கடல். பயப்படாத, நான் இருக்கேன்."

அலை வந்தது. காலை நனைத்தது. சரி. ஆனால் திரும்பிப் போகும்போது காலுக்கடியில் இருக்கிற மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? "ஆத்தே" என்று அலறி, சுமதியின் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் நிதானமாக நின்றாள். என் கையையும் விடவில்லை.

"நீங்களும் இப்பத்தான் பாக்குறீகளா?"

"ஆமா" என்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

"தாம்பரத்துலயே தெரியும். குரோம்பேட்டைக்குப் போறவுகெல்லாம் அங்கதான எறங்குனாக."

"பொறகு ஏன் சொல்லல?"

"அம்புட்டு ஆசையாச் சொல்லிக்கிட்டு வந்தீக. எதுக்குக் கெடுக்கணும்னுதான்."

மறுநாள் அழுக்கு மூட்டை அழுக்காகவே ஊர் திரும்பியது. தாம்பரத்தில்தான் ரயில் ஏறினோம். வழி காட்டியது சுமதி.

நேற்று பெங்களூரிலிருந்து பக்கத்து வீட்டுத் தம்பி போன் செய்தான். "மொத நாளே ஊர் பூரா சுத்திப் பாத்துட்டேன் அங்கிள்" என்றான். எந்த ஸ்டேஷனில் இறங்காமல் விட்டாய் என்று நான் கேட்கவில்லை.