வலது கைக்கான கிளவுஸ்

என் மகள் இடது கைக்காரி. எழுதுவது, எறிவது எல்லாம் இடது கையில்தான். சாஃப்ட்பாலில் எறிகிற கை சும்மா இருக்க வேண்டும், மற்ற கையில்தான் கிளவுஸ் போட வேண்டும். ஆக, அவளுக்கு வேண்டியது வலது கைக்கான கிளவுஸ். அதற்காக ஒரே ஒரு மாதம் நான் பொறுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட் வேலை செய்கிறேன். டிரைவர் சீட், கிளீனர் சீட், பின்னால் படுக்கிற பெர்த், எல்லாவற்றுக்கும் ஃபோம் வெட்டி ரெக்சின் போர்த்தித் தைப்பது என் வேலை. நான் தைத்த சீட் வண்டியே பழைய இரும்புக்குப் போகும்போதும் பிரியாமல் இருக்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப் போயிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளி அணியில் எடுத்தார்கள். பள்ளியில் ஒரு கோணிச் சாக்கு நிறைய கிளவுஸ் கிடந்தது. அத்தனையும் இடது கைக்கானவை. இவள் அதிலொன்றை இடது கையில் மாட்டிப் பந்தைப் பிடிப்பாள். பிறகு கிளவுஸை அக்குளில் இடுக்கி உருவிவிட்டு, அதே கையால் பந்தை எடுத்து எறிவாள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பி.டி. டீச்சர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏனுங்க, உங்க பொண்ணு மாதிரி பந்தைப் பார்க்கிற பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துல இல்லைங்க. முதல் பேஸ்ல நிக்க இடது கைக்காரங்கதான் தோது. ஆனா இவ கழட்டி எறியறதுக்குள்ள பந்தை அடிச்சுட்டு ஓடறவ பேஸைத் தொட்டுடறா. வலது கைக்கு நல்ல தோல் கிளவுஸா ஒன்னு வாங்கிக் குடுங்க. மலிவா வாங்கிடாதீங்க. அது மூனு நாலு வருசம் உழைக்கணும்.”

அந்த வாரமே சேலத்துக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் தலையை ஆட்டினார். “இடது கையில எறியறவங்களுக்கா? அது இருப்பு இருக்காதுங்க. சொல்லிவெச்சாத்தான் வரும். ஒரு மாசம் ஆகும்.”

பத்து நாளில் போட்டி இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் நான் சொன்னேன்.

“அதென்ன பெரிய சங்கதி, அம்மிணி? நான் தைக்கறேன்.”

கையில் காசு இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒரு மாதம் சாக்குக் கிளவுஸிலேயே ஆடச் சொல்லியிருக்கலாம். என் கையால் ஆகாத தையல் வேலை ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளியிலிருந்து பழைய கிளவுஸ் ஒன்றை வாங்கி வந்து பிரித்தேன். ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு வலது கைக்கு வெட்டினேன். டிரைவர் சீட்டுக்குப் போடுகிற கனமான ரெக்சின். உள்ளங்கைக்கு மட்டும் இரண்டு அடுக்கு ஃபோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வலைபோல ஒரு பகுதி இருக்கும், வேகமாக வரும் பந்து அங்கேதான் அடைய வேண்டும். பழைய கிளவுஸில் அந்த வலை தோல் வாரால் பின்னப்பட்டிருந்தது. நான் அதை ரெக்சினிலேயே வெட்டி, நைலான் நூலில் மிஷினில் தைத்தேன். பலமாக இருக்கட்டும் என்று பொடித் தையலாகப் போட்டு, அதன்மேலேயே இன்னொரு ஓட்டும் ஓட்டினேன்.

டீச்சர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைக்குள் குத்திப் பார்த்தார்.

“வேலை சுத்தமா இருக்குதுங்க. ஆனா வலைக்கு வார்தான் போடணும். வாரு கொஞ்சம் விட்டுக் குடுக்கும். தையல் குடுக்காதுங்களே.”

“இருபது டன் ஏத்தின வண்டியில குலுங்கற சீட்டையே தாங்குது டீச்சர். ஒரு பந்தைத் தாங்காதுங்களா?”

அவர் கிளவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் அந்தப் போட்டியில் இவள் வேண்டியிருந்தாள்.

கிளவுஸ் அந்தப் போட்டியைத் தாங்கியது. அதற்கடுத்த போட்டியையும் தாங்கியது. பட்டறைக்கு அதைக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன். முதலாளி கையில் மாட்டிப் பார்த்துவிட்டு, “இதையே தொழிலா ஆரம்பிச்சிரலாம் போல இருக்குதே” என்றார். வீட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை எடுத்து நீட்டினேன். மகளும் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

மூன்றாவது போட்டி ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. அன்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போயிருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். என் மகள் முதல் பேஸில் இருந்தாள், நான் அந்தக் கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். எதிரணிப் பெண் அடித்த பந்து தரையில் உருண்டு வந்தது. நடுவில் நின்ற எங்கள் பிள்ளை அதைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தாள். நல்ல எறி. முகத்துக்கு நேராக, வேகமாக வந்தது. என் மகள் கிளவுஸை உயர்த்தினாள். சரியான இடத்தில்தான் உயர்த்தினாள். பந்து கிளவுஸுக்குள் போனதை நான் பார்த்தேன். அது நிற்கவில்லை.

அவள் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்து, கிளவுஸ் போட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கையை விலக்கினேன். வலது கண் இருந்த இடத்தில் கண்ணே தெரியாமல் வீங்கத் தொடங்கியிருந்தது.

ராசிபுரத்தில் முதலுதவி செய்தார்கள், அங்கிருந்து சேலம், மறுநாள் கோயம்புத்தூர். கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, அது வடிந்தால்தான் உள்ளே என்னவென்று தெரியும் என்றார்கள். வடிந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கிழிந்திருந்தது. அங்கே வடு விழுந்துவிட்டால் பார்வை திரும்பாது என்றார் டாக்டரம்மா. இரண்டு ஆபரேஷன் ஆயின. கடைசியில் அந்தக் கண்ணில் ஓரமாக வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது.

முதல் நாளே டாக்டரம்மா கேட்டார். “எப்படிம்மா பட்டுச்சு? கிளவுஸ் போட்டிருந்தியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். “போட்டிருந்தேன் மேடம். நான்தான் கவனிக்கல. பந்து கிளவுஸ் நுனியில பட்டுத் தெறிச்சு வந்துருச்சு.”

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். அவள் சொன்னது பொய். அது பொய் என்று தெரிந்தும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு என் மனைவியிடமும் உறவுக்காரர்களிடமும் அவள் அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன். முதல் தடவை சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

கிளவுஸ் என் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தது. ஒரு மாதம் கழித்துப் பட்டறையில் யாரும் இல்லாத மதிய நேரத்தில் அதை எடுத்துப் பார்த்தேன். வலையில் நூல் அறுந்திருக்கவில்லை. நைலான் நூல் முழுசாக இருந்தது. நூலை ஒட்டி ரெக்சின் நேர்கோடாகக் கிழிந்திருந்தது. பொடித் தையல் என்றேனே, அத்தனை நெருக்கமாக விழுந்த ஊசித் துளைகளும் இரண்டாவது ஓட்டில் விழுந்த துளைகளும் சேர்ந்து, பஸ் டிக்கெட்டைக் கட்டிலிருந்து கிழிக்க வாகாகத் துளை போட்டிருப்பார்களே, ரெக்சினை அப்படி ஆக்கிவிட்டிருந்தன. சாதாரணமாகத் தைத்திருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். பலத்துக்கென்று போட்ட தையல்தான் அதை அறுத்தது. அதைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் கழிவு மூட்டையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாவதுக்குப் போன பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

“அப்பா, எனக்குக் கிளவுஸ் ஒன்னு வேணுங்கப்பா. மறுபடி ஆடிப் பார்க்கறேன்.” பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, “கடையிலயே வாங்கிக்கலாம்” என்றாள்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “இருக்கற இன்னொரு கண்ணையும் குடுத்துட்டு வரப் போறியா?” என்றாள். இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

டாக்டரம்மாவும் ஆட வேண்டாம் என்றுதான் சொன்னார். மீறி ஆடுவதானால் உடையாத கண்ணாடி போட்டு, முகத்துக்குக் கம்பிக் கவசமும் போட வேண்டும் என்றார். நான் எந்த வாயால் மறுப்பேன்?

இந்த முறை கடைக்காரரிடம் போனிலேயே சொல்லிவைத்து, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து போனோம். வலது கைக்கு மூன்று வரவழைத்திருந்தார். நான் எதையும் தொடவில்லை. அவளே பார்த்தாள்.

முதலாவதைக் கையில் எடுத்ததும் வளைந்தது. “மெத்துன்னு இருக்குது பாருங்க, இன்னைக்கே ஆடலாம்” என்றார் கடைக்காரர். “இப்பவே இப்படி இருந்தா ஆறு மாசத்துல துணி மாதிரி தொங்கிரும்” என்று தள்ளிவைத்தாள். இரண்டாவதன் வெளிப்பக்கம் தோல், உள்ளே கையை விட்டுத் தடவிவிட்டு, “உள்ளுக்குள்ள ரெக்சின்” என்றாள். அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கடைக்கு வெளியே பஸ்ஸைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது கட்டையாக இருந்தது. மடக்கவே முடியவில்லை. அதில் அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாரையும் நகத்தால் நெம்பி இழுத்தாள். வார் நுழைகிற துளைகளின் விளிம்பை விரலால் தடவினாள். மோந்து பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி, தளர்த்தி, கை வளர்ந்தாலும் இடம் இருக்குமா என்று பார்த்தாள். வலையை நல்ல கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுங்க” என்றாள். “பழக ரெண்டு மாசம் ஆகும். ஆனா உழைக்கும்.”

தினமும் எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கயிற்றால் கட்டிப் பழக்கினாள். இரண்டு மாதத்தில் அது அவள் கை சொன்னபடி மடங்கியது. பிறகு வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், கண்ணாடியும் கவசமும் போட்டுக்கொண்டு நின்றாள். நான் எறிந்தேன். பந்து அவள் கிளவுஸுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. பந்து வந்த பிறகு மூடுவாள், அல்லது வருமுன்னே மூடிவிடுவாள். பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று ஒற்றைக் கண் சொல்லவில்லை. மெல்ல எறிந்தால் பத்துக்கு ஆறேழு பிடித்தாள். வேகமாக எறியச் சொன்னாள். எறிந்தேன். பந்து கவசக் கம்பியில் பட்டு ணங்கென்றது. அதோடு எறிவதை நிறுத்திவிட்டேன்.

டீச்சர் ஒரு மாதம் தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்தார். “மன்னிச்சுக்குங்க. முதல் பேஸ் மட்டுமில்லைங்க, எங்கயும் நிறுத்த முடியாது. அன்னைக்கு அந்தக் கிளவுஸை நான் ஆட விட்டிருக்கக் கூடாது. இன்னொரு வாட்டி அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.”

மகள் அழவில்லை. மறு வாரமே ஏழாவது படிக்கிற இன்னொரு இடது கைக்காரப் பெண்ணுக்குக் கிளவுஸைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, நான் அவளிடம் சொன்னேன். நான் போட்ட தையல்தான் கிழிந்தது, நீ பந்தைச் சரியாகத்தான் பிடித்தாய், உன் பேரில் தப்பே இல்லை என்றேன்.

“தெரியுங்கப்பா” என்றாள். “மேட்ச்சுக்கு முந்தின நாள் பிராக்டீஸ்லயே வலையில ஒரு விரக்கடை கிழிஞ்சு விட்டுருந்துச்சு. பார்த்தேன்.”

“பார்த்தியா? ஏன் சாமி சொல்லல?”

“நீங்க எல்லார்த்துக்கும் அதைக் காட்டிக்கிட்டு இருந்தீங்க. ஒரு மேட்ச்சுதானே, தாங்கிரும்னு நெனச்சேன்.”

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்று சாயங்காலம் மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது மகள் பன்னிரண்டாவது. காமர்ஸ் எடுத்திருக்கிறாள். மைதானத்துப் பக்கம் போவதில்லை. தண்ணீர் ஊற்றும்போது சொம்பைத் தம்ளரின் விளிம்பில் முட்டவைத்துக்கொண்டுதான் சாய்க்கிறாள். டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது திருச்சி ரோட்டைத் தாண்ட வேண்டும். என்னை வலப்பக்கமாக வரச் சொல்வாள். அந்தப் பக்கம் வருகிற வண்டி அவளுக்குத் தெரியாது. நான் பார்த்து, “வா” என்கிறேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள்.