தம்பி உறங்கும் ஊர்

2005 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். புதுச்சேரியில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டுச் சமாதிகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். நானும் அம்மாவும் உப்பளம் கல்லறையில் அப்பா சமாதிக்குப் போயிருந்தோம். அப்பா உள்ளூர்ப் பஞ்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர்.

அம்மா கையில் இன்னொரு மெழுகுவத்தி இருந்தது. அது என் தம்பிக்கு. இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற ஊருக்கு நர்ஸ் வேலைக்குப் போனவன், முந்தைய குளிர்காலத்தில் சாலை விபத்தில் இறந்துவிட்டான். உடலைக் கொண்டுவர வழியில்லாமல், கூட வேலை பார்த்தவர்களே அங்கே அடக்கம் செய்தார்கள்.

வேறெங்கோ புதைக்கப்பட்டவர்களுக்கு, கல்லறை நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். "அங்க ஏத்திடும்மா" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அது ஆளில்லாத பொணத்துக்கு ஏத்துற எடம்டி. எம்புள்ள அனாதையா? அது என்னா ஊரு, எப்படிப்பட்ட ஊருன்னுகூடத் தெரியாம நிக்கிறேனே" என்று அம்மா உடைந்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரம்மா கேமராவோடு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் துக்கம் இவருக்கு வேடிக்கையா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். அவரோ அம்மா அழுவதைப் பார்த்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் பிறந்து வளர்ந்ததே அங்கேதானாம்.

சமாதி ஓரமாக உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். முன்பு மேட்டு நிலத்தில் சின்ன கிராமம். கம்பளி நெய்துகொண்டிருந்தார்கள். பருத்தி வந்த பிறகு உலகத்திலேயே அதிகமாக நூல் நூற்கும் ஊராக வளர்ந்துவிட்டது. பார்த்த பக்கமெல்லாம் மில் புகைபோக்கிதானாம். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் போதாமல் பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரர்கள்கூட வந்து குடியேறியிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு மில்லாக மூடிவிட்டார்கள். அவருடைய அம்மாவும் மில்லில் வேலை பார்த்தவர். அந்த ஊர் மண்ணில்தான் அவரும் அடக்கமாகி இருக்கிறார்.

அம்மாவின் அழுகை நின்றிருந்தது. "அங்கயும் மில்லு சங்கு ஊதுமாமா, கேளு" என்றாள்.

ஊதுமாம். அந்தச் சத்தத்துக்குத்தான் தெருவே வேலைக்குக் கிளம்புமாம்.

"அப்போ நம்ம மாதிரி மில்லுக்காரங்க ஊருடி அது. அவங்க நடுவுலதான் படுத்திருக்கான்."

அப்பாவுக்கு ஏற்றியிருந்த சுடரிலிருந்தே தம்பியின் மெழுகுவத்தியைக் கொளுத்தி, அதன் பக்கத்திலேயே நட்டாள். காற்றில் அணையாமல் அந்தம்மா இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஓல்டாமை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் எங்காவது அந்தப் பெயர் காதில் விழுந்தால், தம்பியைப் பறித்துக்கொண்ட ஊர் என்று தோன்றுவதில்லை, அவனை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஊர் என்றுதான் தோன்றுகிறது.