வரிசையில் நின்ற ஆறு மணி நேரம்

உத்திராபதியின் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரால்கூடப் படித்துவிட முடியாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டும் அந்த மனிதர், அந்தக் கோழிக்கிறுக்கலில் ஒரு பொய்கூட எழுதியதில்லை. ஓட்டினால் ‘ஓட்டம்’. தூங்கினால் ‘ஓய்வு’. பெண்ணாடத்தில் சர்க்கரை மூட்டை ஏற்ற வரிசையில் நின்றால் ‘காத்திருப்பு’. அவருடைய லாக்புக்கில் இந்த மூன்று வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது வார்த்தைதான் முதலாளி ராஜவேலுக்கு ஆகவில்லை. கடலூர் முதுநகரில் ஏழு லாரி வைத்திருப்பவர். ஓட்டுநருக்கு ஒழுங்காக ஓய்வு கொடுப்பவருக்குத்தான் இனி லோடு என்று சென்னைக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அடுத்த வாரம் லாக்புக்குகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

“வண்டி நின்னா டிரைவருக்கு ரெஸ்ட்டுதானய்யா? அதுக்கு என்னா தனியா ஒரு பேரு?” என்றார் ராஜவேல்.

“பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வரிச நகரும் மொதலாளி. கண்ண மூடுனா பின்னாடி வண்டிக்காரன் உள்ள பூந்துடுவான்.”

“புது புக்கு தரேன். போன மாசத்த திருப்பி எழுது. காத்திருப்புன்னு இருக்கிற எடத்துல எல்லாம் ஓய்வுன்னு போடு. முடியாதுன்னா திங்கக்கெழம சாவிய வச்சிட்டுப் போயிக்கிட்டே இரு.”

உத்திராபதி ஒன்றும் வீராதி வீரர் இல்லை. நாற்பத்தேழு வயதில் இன்னொரு ஷெட்டு வாசலில் போய் நிற்க யாருக்குத்தான் மனசு வரும்? புதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு காடாம்புலியூருக்கு பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி மலர்க்கொடி எழுத உட்கார்ந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் காய்ப்புக் காய்த்த கைதான், ஆனால் எழுத்து முத்து முத்தாக விழும். அவருடைய கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவனும் அவள்தான். முதல் இரண்டு நாளில் ஓட்டமும் ஓய்வும் மட்டும்தான், சிக்கல் இல்லை. மூன்றாம் தேதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அன்றைக்கு அவர் சென்னையில் அரிசி இறக்கிவிட்டு, தூங்காமல் நேரே பெண்ணாடம் வரிசைக்கு வந்திருந்தார். காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை. அவர் அசந்துவிடக்கூடாதே என்று அவ்வளவு நேரமும் மலர்க்கொடி போனில் இருந்தாள். கையில் கொட்டை உடைக்கும் கட்டை, காதில் இயர்போன். தங்கச்சி இளவரசி வீட்டுச் சண்டை, பண்ருட்டியில் பலாப்பழ விலை என்று ஒன்றுவிடாமல் பேசினாள். பேச்சு தீர்ந்தபோது முன்னால் நிற்கும் லாரிகளின் நம்பரைப் படிக்கச் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க தூங்குனதா எழுதணும். அப்ப நான் ஆறு மணி நேரம் யார்கிட்ட மாமா பேசிக்கிட்டு இருந்தேன்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

‘புவனகிரி பாலத்துக்கு முன்னால் கண் அசந்தது. வண்டி இடது பக்கம் இறங்கியது. நிறுத்தினேன். நாற்பது நிமிடம்.’

அன்று ஏழரை மணிக்கு அவள் போன் செய்தபோது, சிதம்பரம் வந்துவிட்டேன், டீ குடிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

“எங்கிட்ட மறைச்சத புக்குகிட்ட சொல்லியிருக்கீங்க.”

“நீ பயந்துடுவ கொடி.”

“இப்ப மட்டும் பயம் இல்லியா?” என்றவள் அழுதுவிட்டாள்.

உத்திராபதி பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீழே கிடந்த பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இருக்கிறத இருக்கிறபடியே எழுது. சாவியக் குடுத்துட்டு வந்துடறேன்.”

திங்கட்கிழமை ராஜவேல் பக்கங்களைப் புரட்டினார். எழுத்துத்தான் அழகாகியிருந்தது, ஒரு காத்திருப்புகூட மாறவில்லை. மூன்றாம் தேதி ஓரத்தில் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது. ‘ஆறு மணி நேரமும் இவர் தூங்கவில்லை. என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கலாம். உ. மலர்க்கொடி.’ அதன்கீழ் அவள் போன் நம்பர்.

“வர்றவன் இந்த நம்பருக்குப் போட்டா என்னாய்யா ஆவும்?”

“பேசுவா மொதலாளி. கொட்ட ஒடச்சிக்கிட்டே பேசுவா.”

ராஜவேல் சாவிக்குக் கையை நீட்டினார்.

நான்கு நாள் உத்திராபதி வீட்டில் படுத்துக் கிடந்தார். ஐந்தாம் நாள் மலர்க்கொடியின் போன் அடித்தது. ராஜவேல்தான்.

“கம்பெனிக்காரங்க வந்து ஏழு புக்கையும் கேட்டு வாங்கிப் பாத்துட்டுப் போனாங்கம்மா. மத்த ஆறு புக்கும் ஒரே அச்சா இருக்குன்னு மூடி வச்சிட்டாங்க. நீ எழுதுனதத்தான் ஒக்காந்து படிச்சாங்க. வரிசையில வண்டி நகத்த தனி ஆள் போட்டாத்தான் லோடாம். எங்க, அவன் தூங்குறானா?”

மலர்க்கொடி பாயைத் திரும்பிப் பார்த்தாள். “இல்லீங்க. கண்ண மூடிப் படுத்திருக்காரு. ஆனா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு.”

 ராஜவேல் சொன்னார், “சரி. தூங்கி எழுந்து நாளைக்கு வரச்சொல்லு.”

மறுநாள் பதினொரு மணிக்குப் பெண்ணாடம் வரிசையில் அய்யனார் என்ற மாற்று ஓட்டுநர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் கால் நீட்டிய உத்திராபதி, லாக்புக்கில் ‘ஓய்வு’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“கொடி, நான் தூங்கப் போறேன்.”

“தூங்குங்க மாமா. வச்சிடறேன்.”

ஆனால் அவளும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. கொட்டை உடைபடும் சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அய்யனார் வண்டியை இரண்டாம் தடவை நகர்த்தும்போது உத்திராபதி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.